எந்த இரண்டு இருபது

குசினிச் சுவரில் மணிக்கூடு ஒன்பது என்றது, மேசையில் கிடந்த போன் எட்டு என்றது, யோகமலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனின் பக்கம் தீர்ப்புச் சொன்னாள். போன் தானாகவே மாறிவிடும். எல்லாரும் நித்திரையாய்க் கிடக்கிற நேரம் பார்த்து மூன்று மணியை இரண்டாக்கிவிட்டு, ஒன்றும் அறியாத பூனை மாதிரிக் கிடக்கும். சுவர் மணிக்கூட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதற்கு யாராவது கதிரையில் ஏற வேண்டும். ஏறலாம், என்ன அவசரம்? ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. ஜெர்மனிக்கு வந்து முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த நாட்டுக்காரர் கேளாமல் தந்த ஒரே சாமான் இந்த ஒரு மணித்தியாலம்தான் என்று அவள் நினைப்பாள். மார்ச்சில் பறித்ததைத்தானே திருப்பித் தருகிறார்கள் என்பார் புருஷன் குலசிங்கம். அவருக்கு இந்த மணி மாற்றம் கண்ணில் காட்டக் கூடாது. இருபது வருஷம் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர், ஒக்டோபரில் வருகிற அந்த ஒரு இரவில் இரண்டு மணியை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் நின்றவர், அவர் எப்படி வாழ்த்துவார்? இப்போது ஓய்வு எடுத்தாயிற்று, அறைக்குள் குறட்டை சீராக வருகிறது, அந்த மணித்தியாலத்தை முழுதாக அனுபவிக்கிறவரும் அவர்தான், ஏசுகிறவரும் அவர்தான். அடுப்பில் அரிசியும் பாலுமாகச் சர்க்கரைப் புக்கை மெதுவாகக் கொதித்தது. ரேடியோவில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மணி மாற்றத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று தர்க்கப்பட்டார்கள். நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பாப் பாராளுமன்றம் எப்போதோ வாக்களித்துவிட்டது, ஆனால் கோடை நேரத்தை வைத்துக்கொள்வதா குளிர்கால நேரத்தை வைத்துக்கொள்வதா என்பதில் நாட்டுக்கு நாடு ஒத்துவரவில்லையாம். எது உண்மையான நேரம் என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்கிறாள் பார், இன்றைக்குப் பார்த்து, என்று யோகமலர் ரேடியோவை நிறுத்தினாள்.

இன்றைக்குப் பத்து மணிக்குப் பாரிசிலிருந்து போன் வரும். சம்பந்தம் பேசுகிற பரமேஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள், ஞாயிறு பத்து மணி நல்ல நேரம், கலண்டரில் பார்த்தேன், பிள்ளை பிறந்த நேரத்தை எடுத்து வையுங்கோ என்று. யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டரின் நல்ல நேரத்தைப் பாரிஸ் மணிக்கூட்டில் பார்க்கிற மனிசி. சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் யோகமலரும் இங்கே அதே கலண்டரைத்தான் குளிர்ப்பெட்டிக் கதவில் மாட்டி வைத்து ராகுகாலம் பார்க்கிறாள், ஆர் ஆரைச் சிரிக்கிறது? பரமேஸ்வரி அக்கா நல்ல மனிசி, மகன் நிருபன் அதைவிட நல்ல பெடியன், ரயில்வேயில் வேலை. மகள் ஆரணியும் அவனும் யாரோ சிநேகிதியின் கலியாணத்தில் கண்டு, கதைத்து, ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வீட்டில் சொன்னார்கள். சொன்னபோது ஆரணியின் முகத்தில் இருந்த வெளிச்சம்! ஒரே பிள்ளை. பல்லு முளைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அழுத்தமான பிள்ளை, எதையும் லேசில் ஆசைப்படமாட்டாள், ஆசைப்பட்டால் விடமாட்டாள். இன்றைக்கு இருபத்தெட்டு வயது. இந்த வருஷம் அவளுடைய பிறந்தநாளும் மணி மாற்றுகிற ஞாயிறும் அவள் பிறந்த வருஷத்தில் போலவே ஒன்றாக வந்து நிற்கின்றன, மத்தியான ரயிலில் வந்து இறங்கி, அம்மா, அவங்கட அம்மா என்ன சொன்னவ என்று சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்பாள். எல்லாருக்கும் சம்மதம்தான். எனக்கு இந்தச் சாதகக் குறிப்பு, கிறிப்பு ஒண்டும் பெரிசில்லை மலர், ஆனா எங்கட அவர் பார்க்காமல் விடமாட்டார், நேரத்தைச் சொன்னால் கொம்பியூட்டரில் போட்டுப் பார்ப்பார் என்று பரமேஸ்வரி அக்கா சொன்னாள். நேரம்தானே. பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது. இரண்டு இருபது. எந்த இரண்டு இருபது என்று பத்திரத்தில் இல்லை.

ஏனென்றால் அந்த இரவில் இரண்டு இருபது இரண்டு தரம் வந்தது. மூன்று அடிக்க வேண்டிய நேரத்தில் திரும்ப இரண்டாக்கினார்கள், இரண்டு இருபது ஒருமுறை வந்து போய், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு புதிதாக இன்னொரு இரண்டு இருபது வந்தது, ஆரணி அதில் ஒன்றில் பிறந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் பெற்றுப் பார்க்கட்டும். யோகமலருக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது, வேண்டிய ஒன்றைத் தவிர. சுவரின் நிறம் ஞாபகமிருக்கிறது, வெளிர்ப் பச்சை. வாய் காய்ந்தபோது தந்த, மூலிகை போட்ட தேத்தண்ணியின் மணம் ஞாபகமிருக்கிறது, அதை இன்றைக்கும் குடிக்கமாட்டாள். கட்டிலுக்கு எதிரே பெரிய வட்ட மணிக்கூடு, சிவப்பு நொடிமுள். அதன் கீழே குள்ளமான ஒரு தாதி, மஞ்சள் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள், சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் ஏறினாள், எட்டாமல் குதியை உயர்த்தினாள், வெள்ளைக் காலுறையின் இடது குதியில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையால் இளஞ்சிவப்பாய்க் குதி தெரிந்தது. ஓட்டை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பிள்ளை எங்கே? அதுதான் கேள்வி. தாதி மணிக்கூட்டைத் திருப்பியபோது பிள்ளை கையில் இருந்ததா, வயிற்றில் இருந்ததா? கையில் இருந்தால் முதலாவது இரண்டு இருபது. வயிற்றில் இருந்தால் இரண்டாவது. எத்தனையோ தரம் கண்ணை மூடி அந்த அறைக்குள் போயிருக்கிறாள், ஓட்டையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கண்ணைக் கீழே இறக்கித் தன்னுடைய கையைப் பார்க்க முயன்றிருக்கிறாள், பார்க்கிற ஒவ்வொரு முறையும் பிள்ளை கையில் இருக்கும், ஆனால் அது ஒரு வயதுப் பிள்ளையாய் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாய் இருக்கும், படத்தில் பார்த்த பிள்ளையாய் இருக்கும். ஞாபகம் பொல்லாத சாமான், கேட்டதை எடுத்துத் தரும், உண்மையைத் தராது. குலசிங்கத்தைக் கேட்கலாமென்றால் அவர் உள்ளே இருந்ததாகவே அவளுக்கு நினைவில்லை. இரத்தம் கண்டால் தலை சுற்றுகிற மனிசன், வெளியே விறாந்தையில் இருந்திருப்பார், இருந்து நித்திரையாகியும் இருப்பார்.

அதோடு விட்டிருக்கலாம். விடாமல் கெடுத்தது அவளுடைய அளவுக்கு மிஞ்சின கவனம். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்ததும் ஊரில் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள், கந்தரோடைச் சாத்திரியாரிடம் குறிப்பு எழுதுவித்து அனுப்பச் சொல்லி. அதற்கு முந்தின கடிதத்தில்தான் அண்ணன் எழுதியிருந்தார், இங்கே இந்த வருஷம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பிறகு அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டது, கச்சேரி அலுவலகம் புது நேரம், கோயில் பழைய நேரம், கலியாண வீட்டுக்குப் போனால் ஒன்றில் தாலி கட்டி முடிந்திருக்கும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்கமாட்டார், எந்த நேரமென்றாலும் விளக்கமாக எழுது என்று. தொண்ணூற்றாறாம் ஆண்டு அப்படித்தான் இருந்தது. அவளும் விளக்கமாக எழுதினாள். இரண்டு இருபது, ஆனால் அன்று இரவு இங்கேயும் மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு குறிப்பு வந்திருக்கும். இரண்டு வந்தது. சாத்திரியார் நேர்மையான மனிசன், மஞ்சள் பூசிய இரண்டு தாளிலும் முத்து முத்தாக எழுதி, எந்த இரண்டு இருபது என்று தெரியாதபடியால் இரண்டும் இத்துடன் உண்டு, பெற்ற தாயார் உறுதி செய்யவும் என்று சின்னத் துண்டும் வைத்திருந்தார். முதலாவதில் செவ்வாய் ஒன்பதாம் வீட்டில், தோஷமில்லை. இரண்டாவதில் எட்டில். எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணின் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். பெற்ற தாயார் உறுதி செய்தாள், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். முதலாவதைக் குலசிங்கத்திடம் காட்டினாள், இரண்டாவதை மடித்து ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய சேலைகளுக்குப் பின்னால் தள்ளினாள். வீடு மூன்று தரம் மாறினார்கள், பேணியும் கூடவே மாறியது. அதற்குப் பிறகு அதைத் திறந்ததில்லை. திறக்காத பேணிதான் கனம் கூடியது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று சொல்லுவார்கள், அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இருபது என்று சொன்னால் போதும், அது முழு உண்மை. கொம்பியூட்டர் எந்த இரண்டு இருபது என்று கேட்குமா? கேட்காவிட்டால் எதை எடுக்கும்? எட்டை எடுத்துவிட்டால்? அக்காவின் புருஷன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டால்? இல்லை, ஒன்பதை எடுத்து, எல்லாம் பொருந்தி, கலியாணமும் நடந்து, பிறகு ஒருநாள் அந்தப் பெடியனுக்கு ஏதாவது ஒன்று நடந்துவிட்டால்? யோசனை எப்போதும் அங்கேதான் வந்து இடறும். போன கோடைக்கு வந்தபோது நிருபன் இந்த மேசையில் இருந்துதான் புட்டுச் சாப்பிட்டான், மூன்று குழல் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பை விட்டுப் பிசைந்து, வெட்கப்படாமல், முடித்துவிட்டுச் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்குப் பேணி ஞாபகம் வந்தது. தன்னுடைய பிள்ளைக்காக ஒளித்து வைத்ததை இன்னொருத்தியின் பிள்ளைக்கு எப்படிச் சொல்லாமல் விடுவது? போடி விசரி, கிரகம் என்ன மணிக்கூட்டைப் பார்த்தா ஓடுகிறது என்று அடுத்த நிமிஷம் தன்னையே ஏசினாள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றிரண்டு வயது லின்ட்னர் அம்மா இருக்கிறாள், மணி மாற்றினாலும் கைக்கடிகாரத்தை மாற்றமாட்டாள், என்ர நேரத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பாள், குளிர்காலம் முழுக்க ஒரு மணித்தியாலம் முந்தி வந்து சாப்பாட்டுக்குக் குந்தியிருப்பாள், ஒரு குறையும் வந்ததில்லை. சர்க்கரைப் புக்கை இறுகி வந்தது, ஏலக்காய் தூவி நெய் விட்டாள், வாசனை எழும்பியது, யன்னலுக்கு வெளியே ஈர இலைகள் மேல் வெயில் விழுந்தது, எல்லாவற்றையும் மீறி அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை வரப்போகிறாள். வீட்டில் நெய் மணக்கிறது. இப்படி ஒரு மணித்தியாலம் சும்மா கிடைக்கிறது. இதை நிறுத்தத்தான் வேண்டுமோ? நிறுத்தினால் இனி ஒரு தாயும் இப்படி முழிக்கமாட்டாள், உண்மைதான். ஆனால் அந்த இரவில் வலிக்குள் கிடந்தபடி, ஒரு மணித்தியாலம் திரும்பி வருகிறது என்று கைச்சாடையால் தாதி விளங்கப்படுத்தியபோது, அந்நிய நாட்டில் தனக்கு யாரோ கூட ஒரு பங்கு பரிமாறியது போல அவளுக்கு அழுகை வந்ததே, அதுவும் உண்மைதான்.

சரி, யோசித்து யோசித்து மாவிடிக்க முடியாது, மணிக்கூட்டையாவது திருப்புவோம் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றி ஏறினாள், குதியை உயர்த்தினாள், மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சரியாகப் பத்து மணி. அப்போது போன் அடித்தது. பத்து மணிக்குப் பத்து மணியின் போன்தானே வரும் என்று ஒரு கணம் அது நியாயமாகவே பட்டது, பிறகுதான் போன் கணக்கில் இப்போது ஒன்பது என்பது உறைத்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதென்று நம்பியல்லவா இருந்தாள்! சத்தத்தில் எழும்பி வந்த குலசிங்கம் சாரத்தை இறுக்கிக்கொண்டு போனை எடுத்து நீட்டினார்.

"பாரிஸ். இஞ்ச, முதல் இறங்கு, விழப்போறாய்."

அவள் இறங்கி அதே கதிரையில் இருந்தாள். மணிக்கூடு மடியில்.

"மலர், வணக்கம். சொன்னபடி பத்து மணிக்கு எடுத்திட்டன் பாத்தீங்களே," என்றாள் பரமேஸ்வரி அக்கா, பெருமையாக.

"அக்கா, இப்ப ஒன்பதெல்லோ? நேரம் மாத்தினது. உங்கட மணிக்கூட்டைத் திருப்பேல்லையோ?"

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போய் வந்தது. பிறகு, "ஐயோ கடவுளே!" என்று ஒரு சிரிப்பு, உடம்பு முழுக்கச் சிரிக்கிற சிரிப்பு. "பிள்ளையார் படத்துக்கு மேல கொழுவியிருக்கிறதை மறந்துபோனன். நல்ல நேரம் பாத்து, விளக்கும் கொளுத்திப்போட்டு எடுக்கிறன். ஒரு மணித்தியாலம் பிழை! வைக்கட்டே? பத்துக்கு எடுக்கட்டே?"

வையுங்கோ என்று சொன்னால் இன்னும் ஒரு மணித்தியாலம் யோசிக்கலாம். யோசித்து என்ன கிடைக்கும்? இருபத்தெட்டு வருஷத்தில் கிடைக்காதது. மடியில் மணிக்கூடு டிக் டிக் என்று துடித்தது.

"வேண்டாமக்கா," என்றாள் யோகமலர். "நானும் ஒரு மணித்தியாலக் கதைதான் சொல்ல வேணும்." சொன்னாள். இரண்டு இருபது இரண்டு தரம் வந்தது, தாதி, கதிரை, அண்ணனுக்கு எழுதின கடிதம், இரண்டு குறிப்பு, ஒன்பதில் செவ்வாய், எட்டில் செவ்வாய், பேணி. குலசிங்கம் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. "எது சரியெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. நல்லதை மட்டும் சொல்லியிருக்கலாம். உங்கட பிள்ளை இஞ்ச வந்து சாப்பிட்டிட்டுப் போனவன், எனக்கு மனம் வரேல்லை."

ஆரணியின் முகம் வந்தது, அந்த வெளிச்சம். போச்சு, என் வாயாலேயே அணைத்துவிட்டேன் என்று யோகமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மலர்," என்றாள் பரமேஸ்வரி அக்கா மெதுவாக. "நிருபன் எங்க பிறந்தவன் தெரியுமே? கிளிநொச்சிப் பக்கம், தொண்ணூற்றாறு ஆவணியில, இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருக்கேக்க, ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள. மருத்துவிச்சி கையைத் திருப்பிப் பாத்து நாலு பத்து எண்டவ. அவவின்ர மணிக்கூட்டில பழைய நேரமோ புது நேரமோ எண்டு கேக்க எனக்கு அந்த நேரம் தோணேல்லை. அடுத்தநாள் அவவும் எந்தப் பக்கம் போனாவோ. இவர் புது நேரம் எண்டுறார், நான் பழையது எண்டுறன். இருபத்தெட்டு வருஷமாச் சண்டை." குரலைத் தாழ்த்தினாள். "எங்கட வீட்டிலயும் ரெண்டு குறிப்பு இருக்குது, மலர். உங்களுக்கு எதைச் சொல்லுறது எண்டு ரெண்டு நாளா நான் நித்திரை கொள்ளேல்லை."

யோகமலருக்கு முதலில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பிறகு கேட்டாலும் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கமும் அப்படித்தான் கேட்டது.

"ரெண்டையும் அனுப்புங்கோ," என்றாள் பரமேஸ்வரி அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நானும் ரெண்டையும் எடுக்கிறன். ரெண்டும் ரெண்டும் நாலு பொருத்தம் வரும். நாலில ஒண்டாவது பொருந்தாதோ? பொருந்தினதுதான் சரியான நேரம். இவருக்கு நான் சொல்லுறன். பிள்ளைக்கு என்ர பிறந்தநாள் வாழ்த்தையும் சொல்லிவிடுங்கோ."

போனை வைத்த பிறகு குசினி முழுக்க நெய் வாசனையும் மணிக்கூட்டுச் சத்தமும்தான். யோகமலர் மணிக்கூட்டின் முதுகிலிருந்த திருகாணியைத் திருப்பினாள். பெரிய முள் ஒரு முழுச் சுற்றுப் பின்னுக்கு ஓடி வந்தது. அவரைப் பார்க்காமலே, "கேட்டீங்கள்தானே, இனி ஏசுங்கோ," என்றாள்.

"எந்தப் பேணி? அந்த நீலப் பிஸ்கற் பேணிதானே? ஆரணி பத்தாம் வகுப்புப் படிக்கேக்க அவளின்ர பத்திரம் ஒண்டு தேடினனான். அப்பவே பாத்திட்டன்." குலசிங்கம் அகப்பையில் ஒட்டியிருந்த புக்கையை விரலால் வழித்து வாயில் போட்டார். "நீ சொல்லேக்க சொல்லுவாய்தானே எண்டு விட்டிட்டன்."

பன்னிரண்டு வருஷம். ஒரு வார்த்தை கேட்காமல். அவள் மணிக்கூட்டை மாட்டுவதற்காகத் திரும்பக் கதிரையில் ஏறினாள். அவர் வந்து கதிரையின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"அண்டைக்கும் நான்தான் பிடிச்சனான்," என்றார்.

"எண்டைக்கு?"

"ஆஸ்பத்திரியில. அந்தக் கட்டைத் தாதிக்கு மணிக்கூடு எட்டேல்லை. நான் சுவரோட விறைச்சுப்போய் நிண்டதைப் பாத்திட்டு, இந்தா நீயும் ஒரு வேலை செய் எண்ட மாதிரிக் கதிரையைக் காட்டினவ. பிடிச்சன். காலுறையில ஒரு ஓட்டை, என்ர மூக்குக்கு நேர."

யோகமலரின் கை மணிக்கூட்டோடு அந்தரத்தில் நின்றது. அந்த ஓட்டையை அவள் உலகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அப்படியென்றால் விறாந்தையில் இல்லை, உள்ளேதான் இருந்திருக்கிறார். இவ்வளவு காலமும் எந்தக் கதவைத் தட்டினாளோ அதற்குப் பின்னால் இவர் சாரத்தோடு நின்றிருக்கிறார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள், மூச்சு வாங்க. "தாதி மணியைத் திருப்பேக்க பிள்ளை பிறந்திட்டுதோ, இல்லையோ?"

குலசிங்கம் யோசித்தார். கண்ணைச் சுருக்கி, உண்மையாகவே முயன்று யோசித்தார்.

"அது எனக்குத் தெரியாது மலர்," என்றார். "நான் பிள்ளையைப் பாக்கேல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். திறக்கிறியோ, திறக்கிறியோ எண்டு உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் மணிக்கூட்டை ஆணியில் மாட்டினாள். ஒன்பது இருபது. பிள்ளையின் ரயில் வர இன்னும் நிறைய நேரம் கிடந்தது, அவள் இறங்க அவசரப்படவில்லை.